1957 செவ்ரலே பெல் ஏர் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையில் படுங்கள்

அமெரிக்காவில் பழைய கார் விற்கிறவர்கள் எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தை 'ரீஸ்டோர்ட்', அதாவது பழையபடி புதுசாக்கியது. இதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. பாடியைச் சேசிஸிலிருந்து கழற்றி, நாலு வருஷம் உட்கார்ந்து நட்டு நட்டாகச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டியவரும் இதையேதான் சொல்வார். துருவுக்கு மேலே பட்டி பூசி, சிவப்பு பெயின்ட் அடித்து, புது சீட் உறை தைத்துப் போட்டவரும் இதையேதான் சொல்வார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். கேட்கிற விலையும் பல நேரம் ஒன்றுதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். 1957 செவ்ரலே பெல் ஏர் ஒன்று வைத்திருக்கிறேன், அதற்கு முன் இன்னொன்றில் முன்பணம் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். அந்த அனுபவத்தில் எழுதுவதுதான் இது. 55, 56, 57 மூன்று வருஷ செவ்ரலேக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் நம்பர்கள் எல்லாம் 57-க்கு உரியவை.

ஏன் 57 என்று கேட்பீர்கள். அந்த வருஷம் செவ்ரலே 15 லட்சத்துக்கு மேல் கார் செய்தும் ஃபோர்டுதான் விற்பனையில் முந்தியது. ஆனால் இன்றைக்கு ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் என்று கண்ணை மூடினால் பெரும்பாலானவர்களுக்கு வருவது இந்த வால் சிறகுதான். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது: இந்தக் காருக்குக் கிடைக்காத பாகமே இல்லை. கண்ணாடி ரப்பரிலிருந்து கதவு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள், முழு இரும்பு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அதே வருஷத்து ப்யூக்கோ டிசோட்டோவோ வாங்கினால் ஒரு விளக்கு வளையத்துக்காக ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கும்.

ஊரில் பெரியவர்கள் 'செவர்லெட்' என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். செவ்ரலேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் 1928-லிருந்து கார்களைப் பொருத்தி விற்றது, 1954-ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தத் தலைமுறை பார்த்த செவர்லெட் இதற்கு முந்திய குண்டு மாடல்கள். 57-ஐப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போனிலேயே கேட்க வேண்டியவை

மூன்று கேள்வி போதும். வேலை செய்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா? வேலை முடிந்து எத்தனை வருஷம் ஆகிறது? கார் எந்த மாநிலத்தில் வாழ்ந்தது?

படம்தான் முக்கியம். ஒழுங்காக வேலை செய்தவர் வெறும் தகரத்தில் எடுத்த படங்களை நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார், நீங்கள் போதும் போதும் என்றாலும் காட்டுவார். "போன் மாத்தினேன், போயிடுச்சு" என்றால் அந்தக் காரைப் பெயின்ட் அடித்த பழைய கார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விலையையும் அதற்கேற்ப மனதில் குறையுங்கள்.

மாநிலம் ஏன் என்றால், மிச்சிகன், ஒஹாயோ போன்ற இடங்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள், அது அடித்தகரத்தைத் தின்றுவிடும். அரிசோனாப் பக்கம் வெயிலில் கிடந்த காரில் ரப்பரும் சீட்டும் பொடிப்பொடியாகப் போயிருக்கும், ஆனால் இரும்பு இரும்பாகவே இருக்கும். சீட்டைப் புதிதாகத் தைத்துவிடலாம்.

கிளம்பும்போது ஒரு டார்ச், ஒரு பழைய பாய், துணி சுற்றிய சின்னக் காந்தம், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர், கழுத்து வளைகிற சின்னக் கண்ணாடி. மீட்டருக்குச் செலவழிக்க யோசிக்காதீர்கள், முதல் காரிலேயே காசு திரும்பி வந்துவிடும்.

படி 1: தகட்டைப் படியுங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் ஒரு சின்னத் தகடு. அதுதான் காரின் நம்பர். முதலில் 'வி' இருந்தால் ஃபேக்டரியிலிருந்து வி8 இன்ஜினோடு வந்த கார், இல்லையென்றால் ஆறு சிலிண்டர். அடுத்த எழுத்து எந்த மாடல் என்று சொல்லும்: ஏ என்றால் 150, பி என்றால் 210, சி என்றால் பெல் ஏர். பிறகு 57. அதற்கப்புறம் தொழிற்சாலையின் எழுத்து: எஃப் என்றால் ஃபிளின்ட், டி (T) என்றால் டாரிடவுன், எல் என்றால் லாஸ் ஏஞ்சலீஸ், என் என்றால் நார்வுட், இப்படி. மிச்சம் வரிசை எண், 100001-லிருந்து தொடங்கும்.

இந்தத் தகடு ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டப்பட்டது. ரிவெட்டோ ஸ்க்ரூவோ தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். வாகனப் பத்திரத்தில் உள்ள நம்பரோடு ஒரு எழுத்து ஒத்துப்போகாவிட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நம்பரில் கைவைப்பது இங்கே பெரிய குற்றம், பின்னால் மாட்டுவது நீங்கள்தான்.

அப்புறம் பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரில் இன்னொரு தகடு. அதில் பாடி வகை, பெயின்ட், உள் துணி எல்லாவற்றுக்கும் எண்கள் இருக்கும். 57-1037டி (இது D) என்றால் பெல் ஏர் இரண்டு கதவு ஹார்ட்டாப், நடுத்தூண் இல்லாதது. 57-1067டி என்றால் கன்வர்டிபிள், துணிக் கூரையை மடக்கிவிடலாம். 57-1019டி என்றால் நாலு கதவு சாதாரண செடான். கடைசியில் இருக்கும் 'டி'தான் பெல் ஏர் என்று சொல்வது.

எதற்கு இவ்வளவு என்றால், 150, 210, பெல் ஏர் மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே எலும்புக்கூடு. மலிவான 210-ஐ வாங்கி பெல் ஏர் பட்டைகளை மாட்டி விற்பது ஐம்பது வருஷமாக நடக்கிற வியாபாரம். தகட்டைப் பார்த்த பிறகு டிக்கியைத் திறந்து, பின்பக்கப் பேனலின் உட்புறத்தில் டார்ச் அடியுங்கள். வெளியே பட்டை மாட்டுவதற்கு ஃபேக்டரி போட்ட ஓட்டைகள் அங்கே தெரியும். பழைய ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்துப் பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்தால் அந்தக் கார் வேறு பெயரில் பிறந்தது. அப்படிப்பட்ட காரை வாங்கக் கூடாது என்றில்லை, ஓட்டி மகிழ நல்ல கார்தான், 210 விலைக்கு வாங்குங்கள்.

கன்வர்டிபிளுக்கு ஒரு சோதனை கூடுதல். கூரை இல்லாத காருக்குப் பலம் வேண்டும் என்று சேசிஸின் நடுவில் எக்ஸ் வடிவத்தில் குறுக்குச் சட்டம் வைத்திருப்பார்கள். கீழே படுத்துப் பார்த்தால் அது இல்லையா? கூரையை யாரோ அறுத்திருக்கிறார்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

படி 2: பாயை விரித்துப் படுங்கள்

இதற்குத்தான் நேரம் வேண்டும். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன், விற்கிறவர் காபி கொடுத்துக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

முன்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஹெட்லைட்டுக்கு மேலே புருவம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உள்ளே சேறு தங்கி, ஈரம் நின்று, உள்ளிருந்து அரிக்கும். மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டு விரலால் தடவினால் தெரியும். அடுத்தது முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்கு முன்னால், மட்கார்டின் கீழ் மூலை. அப்புறம் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல். அதன் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்க வேண்டும். வழவழவென்று ஓட்டையே இல்லாமல் இருந்தால் யாரோ பழைய துருவின் மேல் புதுத் தகரத்தை ஒட்டி மூடியிருக்கிறார்கள், உள்ளே அது அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கும்.

தரைத் தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் சேசிஸில் பாடி உட்காரும் இடங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இங்கே துரு இருந்தால் மேலே எவ்வளவு அழகு செய்தாலும் கதவு ஒழுங்காக மூடாது. பின் சக்கரத்துக்குப் பின்னால் டிக்கித் தரை சேரும் மூலைகள், ஸ்பேர் டயர் கிடக்கும் குழி, எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் 'டங்' என்று சொல்லும், அழுகியது 'தொப்' என்று சொல்லும்.

அடி முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் மாதிரிப் பூச்சு அடித்திருக்கிறதா? எனக்கு அதைப் பார்த்தாலே சந்தேகம் வரும். சுத்தமான வேலை செய்தவர் அதை வெளியே காட்டத்தான் விரும்புவார்.

இப்போது காந்தம். என் முதல் காரின் கதை இங்கேதான். டர்க்காய்ஸும் வெள்ளையுமாக இரட்டை நிறம், குரோம் எல்லாம் கண்ணைப் பறித்தது, மனைவி வேறு "இதையே வாங்கிடுங்க" என்றுவிட்டாள். முன்பணம் கொடுத்த பிறகுதான் எனக்குக் காந்தம் ஞாபகம் வந்தது. பின்பக்க மட்கார்டின் நடுவில் வைத்தேன், 'டக்' என்று ஒட்டியது. ஒரு சாண் கீழே கொண்டுபோனேன், பிடி தளர்ந்தது. இன்னும் நாலு விரல் கீழே, கையை எடுத்தேன், காந்தம் நேராகப் புல்லில் விழுந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. விற்றவர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் சுவர் விரிசலுக்குப் பூசுகிற மாதிரி அந்த மூலை முழுவதும் பட்டி. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். ஒழுங்காகத் திரும்ப அடித்த பெயின்ட் பொதுவாக 150-லிருந்து 300 மைக்ரான் வரை காட்டும். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, எந்த நல்ல டிங்கரிங் வேலையிலும் மெல்லிசாகப் பட்டி இருக்கும். 1000-ஐத் தாண்டினால் அங்கே தகரத்தைவிடப் பட்டி அதிகம் என்று அர்த்தம். ஒரே பேனலில் மேலிருந்து கீழாக ஆறேழு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பேரம் பேசும்போது அந்தக் காகிதம் பேசும்.

படி 3: கதவு, பட்டை, குரோம்

கதவைப் பாதி திறந்து கீழிருந்து தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் முளை தேய்ந்திருக்கிறது, சின்ன வேலை. ஆடாமல் இருந்தும் இடைவெளி மேலே சுண்டுவிரல், கீழே பென்சில் என்று இருந்தால் பாடி உட்கார்ந்திருக்கும் விதமே தவறு, அது சின்ன வேலை இல்லை. ஹார்ட்டாப்பில் நடுத்தூண் கிடையாது, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி இறக்கி அவை சேரும் இடத்தில் வெளிச்சம் வருகிறதா என்று உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சம் வந்தால் மழையும் வரும்.

குரோமைப் பலர் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் பணம் கரைவது அங்கேதான். பம்பர் இரும்பு, மறுபடி குரோம் ஏற்றலாம். பக்கவாட்டுப் பட்டைகள் ஸ்டெயின்லெஸ், நெளிவு எடுத்துத் தேய்த்தால் புதிதாகிவிடும். ஆனால் பானெட்டின் மேல் துப்பாக்கிக் குறி மாதிரி நிற்கும் இரண்டு அலங்காரமும் டெயில் லைட் வளையங்களும் வார்ப்பு உலோகம். அதில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி விழுந்தால் சரி செய்கிற செலவுக்குப் புதிதாகச் செய்ததையே வாங்கிவிடலாம். பெல் ஏருக்கே உரியது வால் சிறகில் கோடுகோடாக ஓடும் அலுமினியத் தகடும் தங்க நிற கிரில்லும். கிரில் வெள்ளியாக மின்னினால் அது வேறு மாடலிலிருந்து வந்திருக்கலாம், கேளுங்கள்.

படி 4: இன்ஜின் யாருடையது?

"மேட்சிங் நம்பர்ஸ்", அதாவது காரோடு பிறந்த இன்ஜின்தான் இது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். 57-ல் சாதாரண செவ்ரலே இன்ஜினில் காரின் நம்பரை அடிக்கும் வழக்கம் இல்லை, ஆகவே பின்னாளைய கார்களில் போல நேரடியாக ஒப்பிட முடியாது. வாரிசுச் சான்றிதழ் மாதிரி எதுவும் இல்லை, தேதிகள் ஒத்துவருகின்றனவா என்றுதான் பார்க்க முடியும்.

57-ன் பெரிய வி8 283 கன அங்குலம், அதற்கு முந்திய 265-ன் துளையைப் பெரிதாக்கியது. இன்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும்: 3731548. அதே விளிம்பில் மறுபக்கம் வார்ப்புத் தேதி: ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, பிறகு நாள், கடைசியில் வருஷத்தின் ஒற்றை எண். 'சி 12 7' என்றால் 57 மார்ச் 12. கண்ணாடியும் டார்ச்சும் வேண்டியது இங்கேதான், எண்ணெய்ப் பிசுக்கில் கைவைக்காமல் தெரியாது. கார் செய்த காலத்துக்குச் சில வாரங்கள் முன்னால் அந்தத் தேதி வர வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் இரண்டு பார்வையில் கண்டுபிடிக்கலாம். ஒன்று, ஆயில் ஊற்றும் குழாய் முன்பக்கம் நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். வால்வு மூடியில் ஆயில் ஊற்றும் ஓட்டை இருந்தால் பிற்காலத்துச் சமாச்சாரம். இரண்டு, வால்வு மூடியின் மேல் போல்ட்டுகளும் கீழ் போல்ட்டுகளும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது, கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நேராக இருந்தால் அந்த ஹெட் சில வருஷம் கழித்து வந்தது.

'ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்' கார் என்று யாராவது சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள், பணத்தை மட்டும் எடுக்காதீர்கள். 283 கன அங்குலத்தில் 283 குதிரைத்திறன் என்று அன்றைக்கு விளம்பரம் செய்த அந்த அமைப்பு மிகக் கொஞ்சம் கார்களில்தான் வந்தது, பின்னால் மாட்டியவைதான் அதிகம். பழைய காகிதம் இல்லாமல் நம்பக் கூடாது.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போய் பானெட்டில் கைவைத்தால் சூடாக இருந்ததா? ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் இருந்து ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை ஒரு மூச்சு வந்து அடங்கினால் வால்வு சீல், வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கீழே தொங்கும் ஒரு குழாயிலிருந்து லேசாக ஆவி வரும், பயப்படாதீர்கள், அந்தக் காலத்தில் இன்ஜின் மூச்சு விட்டது அப்படித்தான். பின்பக்கம் ஒன்றிரண்டு சொட்டு ஆயில் ஒழுகுவதும் சகஜம், அங்கே இருந்தது கயிற்று சீல்.

கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக் என்றால் குறிமுள் காட்டும் பலகையைப் பாருங்கள். பவர்கிளைடில் 'லோ' இருக்கும்: இரண்டே கியர், சோம்பேறி, ஆனால் சாகாது. 'லோ' இல்லாவிட்டால் அது டர்போகிளைடு, 57-ல் புதிதாக வந்த சிக்கலான பெட்டி. வேலை செய்கிற டர்போகிளைடு அபூர்வம், பழுது பார்க்கத் தெரிந்தவர் அதைவிட அபூர்வம். எனக்கு வேண்டாம்.

படி 5: ஓட்டிப் பாருங்கள், மெதுவாக

ஏறக்குறைய ஒன்றரை டன் கார், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால் நாலு பிரேக்கும் சேர்ந்து போய்விடும். ஓட்டுவதற்கு முன் பெடலை அழுத்திப் பிடித்து முப்பது எண்ணுங்கள். இறங்கிக்கொண்டே போனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலியான சாலையில் நாற்பது மைல் வேகத்திலிருந்து பிரேக் போட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும்.

எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்கிற பைத்தியங்களுக்கும் எனக்கும் சண்டை வருவது இங்கேதான். முன்னால் டிஸ்க் பிரேக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் மாட்டியிருந்தால் அந்தக் கார் எனக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு கூடியதுதான். கண்காட்சியில் புள்ளி குறையட்டும், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு அது வேண்டும். சீட் பெல்ட்டும் அப்படியே.

ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடும், இரண்டு விரல் அளவு வரை பொறுக்கலாம். மழை பெய்தால் இன்னொரு கூத்து: பல கார்களில் வைப்பர் ஓடுவது இன்ஜின் உறிஞ்சும் காற்றில். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வைப்பர் பாதியில் நின்று யோசிக்கும். கோளாறு என்று விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள், சிரிப்பார்கள். டயரின் பக்கவாட்டில் செய்த வாரமும் வருஷமும் நாலு இலக்கத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். காட்சிக்கு நின்ற கார்களில் புத்தம் புதிதாகத் தெரியும் டயருக்கே பதினைந்து வயது ஆகியிருக்கும்.

திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் விலை பேசுவது மாதிரிப் பேசிக்கொண்டிருங்கள். பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத கார் உங்களைப் பெட்ரோல் பங்க்கில்தான் கைவிடும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால்

காப்பீட்டை முன்கூட்டியே தொகை பேசி முடிக்கும் பழைய கார் பாலிசியாக எடுங்கள், சாதாரண பாலிசியில் அறுபது வருஷத்துக்கு மேல் தேய்மானம் கழித்து ஒரு தொகை சொல்வார்கள், கேட்கவே ஆகாது. ஆயில் துத்தநாகம் சேர்ந்த வகையாக வாங்குங்கள், இந்த இன்ஜினின் கேம் தேயாமலிருக்க அது வேண்டும். எரிபொருள் குழாய்களில் பழைய ரப்பர் இருந்தால் முதல் வாரமே மாற்றுங்கள், இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அதைக் கரைத்து கார்பரேட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிரேக் ஆயிலையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

முதல் தடவை பெட்ரோல் போடப் போகும்போது மூடி எங்கே என்று காரைச் சுற்றி வரப்போகிறீர்கள், நானும் வந்தேன், பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இடது வால் சிறகின் பின்விளிம்பில் செங்குத்தாக ஒரு குரோம் பட்டை இருக்கும். அதை இழுங்கள், கதவு மாதிரித் திறக்கும், மூடி அதற்குள்.